அக்காவுக்கு ஓர் ஆள்

காபி வேண்டாம் மேடம், தண்ணீர் போதும். வெறும் வயிற்றில் காபி எனக்கு ஒத்துக்கொள்வதில்லை.

குளியலறைக் கம்பியைப் பற்றிக் கேட்டீர்கள். ஆள் வைத்த கதையிலிருந்து ஆரம்பித்தால்தான் உங்களுக்குப் புரியும்.

பக்கவாதம் வந்து அக்காவின் வலது பக்கம் செயலிழந்து, பேச்சும் போனதிலிருந்து எல்லாமே நான்தான். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது. என் முதுகு பிடித்துக்கொண்ட பிறகுதான், டாக்டர் சொன்னாரே என்று ஆள் தேடினேன்.

முதலில் வந்தவள் நர்ஸுக்குப் படித்தவள். வந்ததும் மாத்திரை டப்பாவைத் திறந்து, "இவங்களுக்கு எதுக்கும்மா தூக்க மாத்திரை?" என்றாள். பகலில் அக்கா தூங்கினால்தான் எனக்கு வீட்டு வேலை ஓடும். அதை அவளுக்கு விளக்கிக்கொண்டிருக்க முடியுமா? அனுப்பிவிட்டேன். அடுத்தவள் வாயாடி. அவள் பேச்சுக்கு அக்கா சிரித்துவிட்டாள். அவளும் சரிப்படவில்லை.

மூன்றாவது ஆள் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். அகலமான கைகள், தரையைப் பார்த்துப் பேசும் சுபாவம். வாயில்லாப் பூச்சி என்று நம்பி எடுத்தேன். சோதித்துப் பார்க்க அக்காவின் தலையணைக்கு அடியில் ஒரு வளையலை வைத்தேன். அன்றே கொண்டுவந்து நீட்டினாள். "பத்திரமா வைங்கம்மா, படுக்கையில கெடந்துச்சு." அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். நகையில் ஆசை இல்லாதவள் வேறு எதையோ எடுக்கத்தான் வந்திருக்கிறாள்.

கொஞ்ச நாளில் அறைக்கதவு சாத்தியே இருந்தது. உள்ளே குசுகுசுப்பு, நடுநடுவே சிரிப்பு. அக்காவுக்குப் பேச்சு திரும்பியிருந்தது. அக்கா அவளுக்கு 'வாத்தியாரம்மா' என்று பெயர் வைத்திருந்தாள். கையை நீட்டு, காலை மடக்கு என்று ஓயாமல் அதிகாரம் பண்ணுகிறாளாம். ஒருநாள் ஊட்டப் போனபோது அக்கா இடது கையால் தட்டை இழுத்துக்கொண்டாள். "நீ வை. நானே சாப்டுறேன்." உறையை மாற்றும்போது தலையணைக்குள் தூக்க மாத்திரைகள் கிடந்தன. நான் கொடுத்தவை. ஒன்றையும் அக்கா விழுங்கவில்லை.

என்னதான் நடக்கிறது என்று கதவில் காதை வைத்தேன்.

"அவகிட்ட இப்பச் சொல்லாத. நடந்துபோய் அவ முன்னாடி நிக்கணும்."

"நிக்கலாம்கா. கம்பியைப் பிடிச்சு வாங்க, நான் பின்னாடியே இருக்கேன்."

"பாவம், எனக்காகக் கல்யாணம்கூட வேணாம்னுட்டா. இனிமேலாவது வெளிய போய் அவ வாழ்க்கையை வாழட்டும்."

கேட்டீர்களா மேடம்? வெளியே போகட்டுமாம். நான் ஓடாய்த் தேய்ந்த வீட்டிலிருந்து என்னை அனுப்ப இரண்டு பேரும் திட்டம் போட்டிருக்கிறார்கள்.

மறுநாள் அந்தப் பெண் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். நான் குளியலறைக்குப் போய்ச் சுவரில் அக்கா பிடித்துக்கொள்ளும் கம்பியின் திருகுகளைத் தளர்த்தினேன். முழுக்கக் கழற்றவில்லை. கவனக்குறைவாக இருந்தாள் என்று அவளை அனுப்ப ஒரு காரணம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அக்கா எடை குறைந்தவள்; இவ்வளவு பலமாக விழுவாள் என்று யார் நினைத்தார்கள்?

தொட்டி விளிம்பில் தலை அடிபட்டது. இடுப்பெலும்பு முறிந்தது. திரும்பி வந்திருந்த பேச்சு மறுபடி போய்விட்டது. அந்தப் பெண் அக்காவை மடியில் போட்டுக்கொண்டு அழுதாள். கூடியவர்கள் முன்னால், "உன்னை நம்பித்தானே விட்டேன்" என்று கேட்டேன். நீங்கள் அவளைப் போலீஸ் வண்டியில் ஏற்றும்போதுகூட ஒன்றைத்தான் சொன்னாள். "காலையில ஆட்டிப் பாத்தேன்மா, உறுதியாத்தான் இருந்துச்சு."

அவள் சொன்னது உண்மைதான். அவளை விட்டுவிடுங்கள், எனக்கு யார்மேலும் வன்மம் கிடையாது.

என்னைச் சீக்கிரம் அனுப்பினால் நல்லது. அக்காவுக்கு இனி எல்லாமே நான்தான் செய்ய வேண்டும். வேறு யார் கையாலும் அவள் சாப்பிடமாட்டாள். நேற்று ஆஸ்பத்திரியில் கஞ்சியைக் கரண்டியில் எடுத்து நீட்டினேன். என்னையே பார்த்தாள். பிறகு வாயை இறுக மூடிக்கொண்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பாவம், வலி தாங்கவில்லை போலிருக்கிறது.