தரையைப் பற்றிச் சொல்லியிருக்கக் கூடாது

மார்ச் 9, திங்கள்

இன்றைய தவறு: பாடத்தில் இல்லாத ஒன்றைச் சொல்லிவிட்டேன்.

சின்னத் தவறுதான். ஆனாலும் நாட்குறிப்பை அன்றைய தவறில் தொடங்கி மறுநாள் வேலையில் முடிக்க வேண்டும் என்று முதல் வகுப்பிலேயே சொல்லியிருக்கிறீர்கள், டீச்சர். மழுப்பாமல் எழுதச் சொன்னீர்கள். பகலில் டைல்ஸ் போடுகிறவன் நான். மாலையில் உங்கள் கணினி வகுப்பில் கடைசி பெஞ்சு. எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தாலும் சரியாக இருக்கிறதா என்ற சந்தேகம் போவதில்லை. தரை மட்டமா என்று ரசமட்டம் வைத்துப் பார்க்கிற காரியமாக இருந்தால் நிம்மதியாக இருப்பேன்.

கணினி வகுப்பில் படிக்கும் நாங்கள் முறை வைத்துப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறோமே, இன்று என் முறை. இணையத்தில் போட்டோவும் வீடியோவும் பத்திரமாகப் பகிர்வது எப்படி என்பது பாடம். நீங்கள் பக்கத்து அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்ததால் நடந்ததை எழுதுகிறேன்.

தயார் செய்தபடியே தொடங்கினேன். சீருடை, வீட்டு எண், ஜன்னலுக்கு வெளியே தெரியும் தெரு எதுவும் படத்தில் வேண்டாம். ஒரு இடத்தில் இருக்கும்போதே அங்கிருந்து போடாதீர்கள். கிளம்பிய பிறகு போடுங்கள். அடுத்தவர் படத்தை அவரைக் கேட்காமல் யாருக்கும் அனுப்பாதீர்கள். உங்கள் படங்களை யார் யார் பார்க்கலாம் என்ற பட்டியலை அடிக்கடி எடுத்துப் பார்த்து, வேண்டாதவர்களை நீக்குங்கள். யாராவது தொல்லை கொடுத்தால் தனியாகத் தவிக்காமல் நம்பிக்கையான பெரியவர் ஒருவரிடம் சொல்லுங்கள்.

முன்வரிசைப் பையன் ஒருவன், "அண்ணா, எங்க வீட்டுப் பூனை மூஞ்சியையும் மறைக்கணுமா?" என்றான்.

"பூனை உன் அட்ரஸைச் சொல்லாது. அது கழுத்துல கட்டியிருக்கியே பட்டை, அது சொல்லும்" என்றேன். வகுப்பே சிரித்தது. நான் பேசி யாரும் சிரித்துப் பழக்கமில்லை. தலைகால் புரியவில்லை என்பது உண்மை.

அப்போதுதான் வாலு கையைத் தூக்கினாள். என் தங்கை குட்டியின் பக்கத்து இருக்கைக்காரி. துறுதுறுப்புக்காக எல்லோரும் வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். "இவ்ளோ வம்பே வேணாம்ணா. குனிஞ்சு காலை மட்டும் எடுத்துப் போட்டா என்ன தெரிஞ்சிடப் போகுது?"

ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை. "தரை தெரியும்ல? சுவருக்கு வெள்ளையடிச்சு மறைச்சிடலாம். தரையைப் போட்டவன் பார்த்தா எந்தத் தரைன்னு சொல்லிடுவான்" என்றேன்.

எல்லோரும் 'ஓ' போட்டார்கள். வாலு மட்டும் சிரிக்கவில்லை. வகுப்பு முடிந்ததும் வாசலில் நின்றாள். "அண்ணா, குட்டி எங்க இருக்கான்னு உங்களுக்குத் தெரியாதுல்ல?"

"தெரிஞ்சா கூட்டிட்டு வந்திருக்க மாட்டேனா?"

அவள் தண்ணீர் பாட்டிலைக்கூட எடுக்காமல் போய்விட்டாள். இங்கே என் மேசை மேல்தான் இருக்கிறது.

இது ஏன் தவறு என்று உங்களுக்குப் புரிய, முன்பு நடந்ததையும் எழுத வேண்டும்.

அப்பா போன பிறகு குட்டியை வளர்த்தவன் நான். போன் வாங்கிக் கொடுத்தவனும் நான். இன்று நடத்திய பாடத்தை ஒரு வருடம் முன்பே முதலில் அவளுக்குத்தான் நடத்தினேன். கற்பூர புத்தி. ஒரு முறை சொன்னால் போதும். ஒரே ஒரு தடவை, தோழிகளோடு மொட்டை மாடியில் ஆடிய வீடியோவைப் போட்டாள். நான் சொன்னதும் எடுத்துவிட்டாள். அதற்குள் சைக்கிள் கடைப் பையன் ஒருவன் அதைச் சேமித்து, கேலியாக நாலு வரி சேர்த்து ஊரெல்லாம் அனுப்பிவிட்டான்.

அவனிடம் பேசத்தான் போனேன். கடையில் அவன் மட்டும் இருந்தான். அழித்துவிட்டேன் அண்ணா என்று போனைக் காட்டினான். நம்பினேன். ஆனால் நம்புவது வேறு, உறுதி செய்வது வேறு. கடை ஷட்டரை இறக்கினேன். அவன் வலது கையை ஒரு டைல் மேல் வைத்து, சுண்டுவிரலில் ஆரம்பித்து வரிசையாக வந்தேன். டைலைப் பதிக்க ரப்பர் சுத்தியல், பெயர்த்து எடுக்க இரும்புச் சுத்தியல் என்று எங்கள் வேலையில் இரண்டு உண்டு. நான் ரப்பரைத்தான் எடுத்தேன். அதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. டைலில் கீறல்கூட விழவில்லை. பையன் எவரிடமும் சொல்லவில்லை. இன்னொரு கை மிச்சம் இருப்பது அவனுக்குத் தெரியும்.

குட்டிக்கு மட்டும் எப்படியோ தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து என் தட்டில் சோற்றைப் போட்டதும் அடுக்களைக்குள் போய்விடுவாள். போனைப் பூட்டி வைக்க ஆரம்பித்தாள். பூட்டுவது நல்ல பழக்கம், நான் சொல்லிக் கொடுத்ததுதான். ஆனால் என்னிடமிருந்து பூட்டச் சொல்லவில்லை. திறந்து காட்டு என்றேன். மாட்டேன் என்றாள். அவள் கட்டைவிரலை வைத்தால் திறக்கும். விரலை மடக்கிக்கொண்டாள். நான் நிமிர்த்தினேன். அவள் இழுத்தாள். சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை; மெல்லிய டைலை ஓரத்தில் நறுக்கினால் வருமே, அதே சத்தம். போன் திறந்தது. உள்ளே தப்பாக எதுவும் இல்லை. அதைப் பார்த்து எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று அவளிடம் சொன்னேன். அவள் அதைக் காதில் வாங்கும் நிலையில் இல்லை.

மறுநாள் நான் வேலை முடிந்து வந்தபோது குட்டி வீட்டில் இல்லை. எங்கே என்று கேட்டேன். அம்மா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"பத்திரமான இடத்துல இருக்கா."

"யார்கிட்டேர்ந்து பத்திரம்?"

"உன்கிட்டேர்ந்துதான்டா."

கோபம் வந்தால் வாய்க்கு வந்ததைப் பேசுவது அம்மாவின் வழக்கம். நான் பொருட்படுத்தவில்லை. பொறுமையாகவே பல நாள் கேட்டேன். கடைசியில் குளியலறை வாசலில் வைத்துக் கேட்டேன். முடியைப் பிடித்திருந்தேன் என்பதை மறைக்கவில்லை. ஒவ்வொரு முறை கேட்கும்போதும் தலையைத் தரைவரை கொண்டுபோக வேண்டியிருந்தது. ஒரு கட்டத்தில், அம்மா பதில் சொல்ல நினைத்திருந்தாலும் முடியாது என்று தெரிந்தது. அப்போதே நிறுத்திவிட்டேன்.

வழுக்கி விழுந்துவிட்டாள் என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். டாக்டரும் அப்படித்தான் எழுதிக் கொடுத்தார். எனக்கு அந்த ஒரு விஷயத்தில்தான் மனக்குறை. அந்தத் தரையைப் போட்டவன் நான். அம்மாவுக்கு வயதாகிறதே என்று சொரசொரப்பான டைலாகத் தேடி வாங்கி, தண்ணீர் நிற்காமல் வாட்டம் பார்த்துப் போட்டேன். அது வழுக்காது.

காரியத்துக்குக்கூட குட்டி வரவில்லை. வரக்கூடாது என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும், வாலுவாக இருக்கலாம்.

அம்மாவின் போன் என்னிடம் இருக்கிறது. அதற்குப் பூட்டு வைத்துக் கொடுத்தவனே நான்தான். குட்டி என்னை நீக்கிவிட்டாள். வாலு, சித்தி, அம்மா என்று ஒரு சிலருக்கு மட்டும் தெரியும்படி எப்போதாவது படம் போடுகிறாள். பட்டியலை அடிக்கடி பார்க்கச் சொன்னேனே, அதில் மட்டும் தவறிவிட்டாள். செத்துப்போன அம்மாவின் பெயரை எடுக்க மனம் வரவில்லை போலும். மற்றபடி பாடத்தை அப்படியே கடைப்பிடிக்கிறாள். முகம் இல்லை, ஜன்னல் இல்லை, எழுத்து எதுவும் இல்லை. ஒரு படத்தில் டம்ளர். ஒன்றில் கட்டுப் போட்ட கை. பெருமையாகத்தான் இருந்தது, ஆனால் கண்டுபிடிக்க முடியவில்லை.

போன வாரம் புதுச் செருப்பு போட்ட கால்களைப் போட்டாள்.

கீழே தரை. பூப்போட்ட டைல். எல்லாப் பூவும் ஒரு திசை பார்க்க, கட்டில் காலுக்குப் பக்கத்தில் ஒன்று மட்டும் திரும்பியிருந்தது. அது என் கைவேலை. வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் ஒரு விடுதியில் நான் போட்ட தரை. திரும்பிய அந்த ஒரு டைலுக்காக மேஸ்திரியிடம் எல்லோர் முன்னாலும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். பசை இறுகிவிட்டதால் மாற்ற முடியவில்லை. அந்த வேலை நடந்தபோது அம்மாதான் மதியச் சாப்பாடு கொண்டு வருவாள். வார்டனம்மாவோடு உட்கார்ந்து மணிக்கணக்கில் கதை பேசுவாள். ஆம்பளைங்க யாரும் உள்ளே கால் வைக்க முடியாது, அவ்வளவு கண்டிப்பு என்று வீட்டில் வந்து புகழ்வாள். பத்திரமான இடம் என்று அம்மா சொன்ன அன்றே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை போகலாம், அவசரமில்லை என்றிருந்தேன். இன்று வாயை விட்டதால் அது கெட்டது. வாலு சொல்லியிருப்பாள். எழுதும் இந்த நேரம் வரை படம் அப்படியே இருக்கிறது. ஆனால் குட்டி சொன்னதைக் கேட்கிற பிள்ளை, நாளைக்குள் எடுத்துவிடுவாள், இடத்தையும் மாற்றிவிடுவாள். வெளியே உலகம் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும், டீச்சர். அந்த உலகத்தில் அவளைத் தனியாக விட எனக்கு மனம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை நோட்டுகளை வாங்கித் திருத்துவீர்கள். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

நாளைய வேலை: காலையில் விடுதிக்குப் போய், திரும்பியிருக்கும் டைலைச் சரி செய்ய வந்திருப்பதாக வார்டனம்மாவிடம் சொல்ல வேண்டும். உளியும் இரும்புச் சுத்தியலும் எடுத்துக்கொள்ள வேண்டும். ரப்பர் சுத்தியல் தேவைப்படாது.