லைட்டண்ணன் இருக்கிற ஒரே வீடியோ

அந்த டியூப்லைட்ட அணைச்சிருங்க சார், ஜன்னல் வெளிச்சமே போதும். மேலேர்ந்து நேரா விழுற லைட்டுல யாரைப் பார்த்தாலும் கண்ணுக்குக் கீழ குழி விழுந்து திருட்டு முழி முழிக்கிற மாதிரி தெரியும். நீங்களும் இப்ப அப்படித்தான் தெரியறீங்க, தப்பா எடுத்துக்காதீங்க. ஆங், இது போதும். இனி நிதானமாப் பேசலாம்.

உங்க போலீஸ் போட்டோகிராபர் கேட்ட கேள்விக்கு நான் மூணு நாளா பதில் சொல்லல. கெட்டிக்காரர் சார் அவரு. அந்த வீடியோவ இங்க எல்லாரும் பார்த்தீங்க, விபத்துன்னு எழுதிக்கிட்டீங்க. அவர் ஒருத்தர்தான், "ஃபோகஸ் எதுக்கு அங்க போச்சு?"ன்னு கேட்டாரு. சொல்றேன். ஆனா முதல்லேர்ந்து சொன்னாத்தான் உங்களுக்கு விளங்கும்.

செத்தவர் என் தங்கச்சி வீட்டுக்காரர். பதினோரு வருஷம் என்கூட லைட்டு பிடிச்சவர். கல்யாணம், பிறந்தநாள், ஆபீஸ் விழா எதுவானாலும் நான் காமிரா, அவர் லைட்டு. அவருக்கு மாலைக்கண். வெளிச்சம் கொஞ்சம் மங்கினாலும் எதிர்ல நிக்கிறது ஆளா தூணான்னு தெரியாது. எனக்கும் தங்கச்சிக்கும் தவிர இது வெளியில யாருக்கும் தெரியாது. தெரிஞ்சுதான் நான் அவருக்கு அந்த வேலையக் கொடுத்தேன். கையில ஆயிரம் வாட்ஸ் எரியுறவருக்கு இருட்டு ஏது சொல்லுங்க. அவருக்குக் கெடுதல் நினைக்கிறவன் இப்படிச் செய்வானா?

ஜனங்க அவரை லைட்டண்ணன்னு கூப்பிடுவாங்க. மனுஷனுக்கு வாய் சும்மா இருக்காது. மண்டபத்துக்குள்ள நுழைஞ்சதும் முன் வரிசையில உம்முன்னு உக்காந்திருக்கிற பெரியவர் மேல லைட்டத் திருப்புவாரு. "என்ன பெரியப்பா, பல்லு செட்ட வீட்டுலயே வெச்சிட்டு வந்துட்டீங்களா? என் லைட்டு வீணாப் போகுதுல்ல"ன்னு கேட்பாரு. கூட்டம் கொல்லுன்னு சிரிக்கும். அந்தச் சிரிப்ப நான் படம் பிடிப்பேன். படம் என்னுது, பேரு அவருது. பதினோரு வருஷத்துல எனக்குன்னு ஒரு பட்டப்பேர்கூட யாரும் வைக்கல.

போன வருஷம் ஒரு சின்ன காமிரா வாங்கினேன், உள்ளங்கையில அடங்கிரும். கூடவே ஒரு ஃபாஸ்ட் லென்ஸ். ஃபாஸ்ட்னா ஓடுறதுன்னு நினைச்சுக்காதீங்க. வாய் அகலமான லென்ஸ், இருக்கிற துளி வெளிச்சத்தையும் விடாம அள்ளிக்கும். ஒரு மெழுகுவர்த்தி இருந்தாப் போதும். நம்ம கண்ணுக்கு ஒண்ணும் புலப்படாத அறை, காமிராத் திரையில பட்டப்பகலாத் தெரியும். ஒரே ஒரு தொல்லை. தெளிவா விழுறது ஒரு சாண் ஆழம்தான். அதுக்கு முன்னாலயும் பின்னாலயும் எல்லாம் கலங்கல். ஆள் ஒரு அடி நகர்ந்தா நாம லென்ஸ் வளையத்தைத் திருப்பிக் கூடவே போகணும். கத்துக்குட்டிதான் சார் கூடப் போவான். கை பழகினவன், ஆள் போய்ச் சேர்ற இடத்துக்கு ஃபோகஸ முன்னாடியே கொண்டுபோய் வெச்சுக்கிட்டுக் காத்திருப்பான்.

இனிமே லைட்டு வேண்டாம்னு அவர்கிட்டச் சொன்னேன். வருத்தப்படுவாருன்னு பார்த்தேன். "நல்லதாப் போச்சு மச்சான், தோள்பட்டை வலி மிச்சம்"னு சிரிச்சாரு. பையத் தூக்கிக்கிட்டு என் சட்டையப் பிடிச்சுக்கிட்டு வருவாரு. இருட்டுல நாற்காலியில இடிச்சுக்குவாரு, நாற்காலிகிட்டயே மன்னிப்பும் கேட்பாரு. அதுக்கும் ஊரே சிரிக்கும். லைட்ட வாங்கிட்டா அவர் அணைஞ்சிருவாருன்னு நான் போட்ட கணக்கு தப்பு. அத ஒத்துக்கிறேன்.

அப்புறம் ஒரு பொண்ணோட அப்பா வந்தாரு. சின்ன மகள் கல்யாணத்த முழுக்க முழுக்க அந்த லென்ஸ்லதான் எடுத்திருந்தேன். நான் எடுத்ததுலயே நல்ல வேலை அதுதான். "படம் நல்லாத்தான் இருக்கு தம்பி"ன்னு ஆரம்பிச்சாரு. "ஆனா பெரியவ கல்யாண வீடியோவுல லைட்டண்ணன் புண்ணியத்துல எல்லாரும் சிரிச்சிக்கிட்டு இருப்போம். இதுல எழவு வீட்டுல உக்காந்த மாதிரி இருக்கோம். அடுத்த தடவை அவரை அனுப்பு, காமிராவ யாராவது பிடிச்சுக்கலாம்."

விளையாட்டாத்தான் சொன்னாரு. எங்க மாப்பிள்ளை, அதான் லைட்டண்ணன், பக்கத்துலயே நின்னாரு. "அட, அப்படிச் சொல்லாதீங்க. என் மச்சான் கை இல்லேன்னா நான் வெறும் விளக்குக் கம்பம்"னு எனக்காகப் பரிஞ்சு பேசினாரு. சார், அந்தப் பெரியவர் மேல எனக்குக் கோபமே வரல. மாப்பிள்ளை என்மேல இரக்கப்பட்டாரு பாருங்க, அதுதான் பிடிக்கல. அத மட்டும் என்னால முழுங்க முடியல.

அடுத்த வாரம் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். "ஊருல எல்லாரையும் எடுத்தியேண்ணா, ஒரு படத்துலயாவது அவர் இருக்காரா?"ன்னு கேட்டா. நியாயமான கேள்விதான். லைட்டு பிடிக்கிறவர் எப்பவும் படத்துக்கு வெளியில நிப்பாரு. "ஒரே ஒரு தடவை எடுத்துக் கொடுண்ணா"ன்னா. சரின்னு சொன்னேன். தங்கச்சி வாய் விட்டு எதையும் கேட்டதில்ல, மறுக்க மனசு வரல.

இடத்த நான்தான் பார்த்தேன். புதுசாக் கட்டிக்கிட்டிருந்த அலுவலகக் கட்டடம், மூணாவது மாடி. ஜன்னலெல்லாம் தார்ப்பாய் போட்டு மூடியிருந்துச்சு. மத்தியானம் மூணு மணிக்குக் கிழிசல் வழியா ஒரு கீத்து வெளிச்சம் வரும், முகத்துக்கு அவ்வளவு அழகு. கோடியில லிஃப்டுக்காக விட்ட குழி, இன்னும் கதவு போடல. குறுக்கே ஒரு பலகை அடிச்சிருந்தாங்க. முந்தின நாளே போய் ஆணியப் பிடுங்கிப் பலகைய எடுத்து ஓரமா வெச்சேன். ஃப்ரேம்ல உறுத்துச்சு சார்.

கிளம்பும்போது தங்கச்சி வாசல் வரைக்கும் வந்தா. "இருட்டான இடமாண்ணா? அவர் கைய விட்டுராதே"ன்னு ரெண்டு தடவை சொன்னா. விடல. மூணு மாடியும் கையப் பிடிச்சுத்தான் ஏத்தினேன். மாப்பிள்ளை நீலச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வெச்சுப் படிய வாரிக்கிட்டு வந்திருந்தாரு. "மச்சான், எனக்குக் கூச்சமா இருக்கு. மத்தவங்களச் சிரிக்க வெச்சுத்தான் பழக்கம், எனக்குச் சிரிக்க வரலேன்னா என்ன பண்றது?"ன்னு கேட்டாரு. "நான் இருக்கேன்ல மாப்ள"ன்னு சொல்லி, நிக்க வேண்டிய இடத்துல நிறுத்தினேன்.

வீடியோ முப்பத்தோரு செகண்ட். முதல் பதினெட்டு செகண்ட் அவர் முகத்துலதான் ஃபோகஸ். "ஒண்ணுமே தெரியல மச்சான், உங்க குரல் மட்டும்தான் கேக்குது"ங்கிறாரு. "அது போதும் மாப்ள. குரலப் பார்த்துச் சிரிங்க. அப்படியே பின்னால போங்க"ங்கிறேன். போனாரு. சின்னப் பிள்ளை நடை பழகுற மாதிரி ஒவ்வொரு அடியா பின்னால வெச்சுப் போனாரு.

"பின்னால ஏதும் இருக்கா மச்சான்?"

"ஒண்ணுமில்ல மாப்ள."

நான் பொய் சொல்லல, கவனிச்சுக்குங்க. பின்னால ஒண்ணுமே இல்ல.

என்னோட முதல் வாக்குமூலத்துல என்ன சொன்னேன்? "திரையில அவர் முகத்த மட்டும்தான் பார்த்தேன், பின்னால எல்லாம் கலங்கல், குழி தெரியவே இல்ல"ன்னேன். நீங்களும் நம்பினீங்க. உங்க போட்டோகிராபர் பார்த்தது பதினெட்டுலேர்ந்து இருபத்திரெண்டு வரைக்கும். அந்த நாலு செகண்ட் மாப்பிள்ளை முகம் கலங்கிக் கிடக்கு. குழியோட விளிம்பு மட்டும் சிமெண்ட் துகள் எண்ணுற அளவுக்குத் துல்லியமா இருக்கு. குழியப் பார்க்காதவன் அதுக்கு எப்படி ஃபோகஸ் வெச்சான்? அதானே கேள்வி.

முன்னாடியே போய்க் காத்திருந்தேன் சார். வேணும்னு மாட்டிக்கல, கை தன்னால போச்சு. அந்த இடத்துக்கு அவர் வந்து நிக்கும்போது முகம் கலங்கலா இருந்தா அது என்ன படம்? இருபத்திரெண்டாவது செகண்ட்ல வந்து நின்னாரு. இமை முடி ஒவ்வொண்ணும் தெரியுது. கூச்சம் போய் நல்லாச் சிரிச்சாரு. "இன்னும் ஒரே அடி மாப்ள"ன்னேன்.

கடைசி அஞ்சு செகண்ட் அங்க ஆள் இல்ல. வெறும் விளிம்புதான். காமிரா என் கையிலதான் இருந்துச்சு, ஸ்டாண்டு இல்ல. படம் ஆடியிருக்கான்னு பாருங்க. இத உங்க போட்டோகிராபர்கூடக் கவனிக்கல, நானாச் சொல்றேன்.

அழிச்சிருக்கலாமேன்னு கேட்பீங்க. நினைச்சேன், விரல் வரல. அதுமாதிரி இன்னொண்ணு என்னால எடுக்க முடியாது. ஆமா சார், நான்தான் கொன்னேன். அப்படியே எழுதிக்குங்க, கையெழுத்துப் போடறேன். அவர்மேல எனக்கு எந்த வன்மமும் இல்லேன்னும் ஒரு வரி சேர்த்துக்குங்க.

ஒரே ஒரு உதவி. கோர்ட்டுக்குப் போறதுக்கு முன்னாடி இருபத்தஞ்சாவது செகண்டோட வெட்டி, தங்கச்சிக்கு ஒரு காப்பி கொடுத்துருங்க. அவர் முகம் அவ்வளவு தெளிவா இருக்கிற படம் அவகிட்ட வேற கிடையாது. அண்ணன் கேட்டத எடுத்துக் கொடுத்துட்டான்னு சொல்லுங்க. சந்தோஷப்படுவா.