கெபிக் கம்பியில் ஒரு சிவப்புப் பூட்டு

விடியற்காலை ஐந்து மணி. பொன்னேரியைத் தாண்டிப் பழவேற்காட்டுக்குப் போகும் சாலை... முன்னாலும் வண்டி இல்லை, பின்னாலும் இல்லை. இரண்டு பக்கமும் தண்ணீர் நிற்கும் வயல். தவளைச் சத்தம்கூட இல்லை.

அந்தச் சாலையில் ஒரே ஒரு கார். ஓட்டியவன் முஜீப், பழவேற்காட்டுக்காரன். பின்சீட்டில் அருணாவும் அவள் புருஷன் துளசிராமனும். அருணா வேறு யாருமில்லை, நம் சிநேகிதன் பார்த்திபனின் கூடப்பிறந்த அக்கா. அவள் வாயால் சொன்னதுதான் இது. நெருங்கி உட்காருங்கள். கதவுப் பக்கம் யாரும் பார்க்க வேண்டாம்.

துளசிராமன் கும்மிடிப்பூண்டியில் ஒரு மாட்டுத்தீவன ஆலையில் ஷிப்ட் இன்சார்ஜ். அங்கே ஒரு பெரிய மிக்ஸர். தவிடும் புண்ணாக்கும் வெல்லப்பாகும் அதற்குள் புரளும். பாகு இறுகி இரும்பு இறக்கைகளில் அப்பிக்கொள்ளும். ஆள் உள்ளே இறங்கித்தான் சுரண்ட வேண்டும். இறங்குகிறவன் முதலில் சுவிட்ச் பெட்டியை அணைத்து, அதில் தன் சிவப்புப் பூட்டை மாட்டுவான். பூட்டில் அவன் போட்டோ தொங்கும். சாவி அவன் சட்டைப் பையில். அவனே ஏறி வந்து திறக்கும்வரை மிக்ஸர் ஓடக் கூடாது.

சில மாதங்களுக்கு முன், ஜெயராஜ் என்ற தொழிலாளி உள்ளே இருக்கும்போது அது ஓடியது.

பூட்டு மாட்டாமல் இறங்கிவிட்டான் என்று விசாரணையில் துளசிராமன் சொன்னான். பெட்டியிலும் பூட்டு இல்லை. செத்தவனின் கவனக்குறைவு என்று எழுதி முடித்தார்கள். ஜெயராஜின் மனைவி ஏஞ்சலின் மட்டும் ஆலை வாசலில் நின்று, போகிறவர் வருகிறவரிடமெல்லாம் ஒன்றையே சொன்னாள். "அவரு பூட்டு போடாம எறங்கவே மாட்டாரு."

அன்றிலிருந்து துளசிராமனுக்குத் தூக்கம் போயிற்று. கண்ணை மூடினால் காதருகே... டக். பூட்டு விழும் சத்தம். அருணாவுக்கு அது கேட்காது. ஆனால் வாடை வரும். அடுப்பில் ஒன்றும் இருக்காது, வீடு முழுக்க வெல்லப்பாகு.

பக்கத்து வீட்டுச் செல்விதான் வழி சொன்னாள். பழவேற்காட்டு ஏரிக்கரையில் ஒரு சின்ன மாதா கெபி, குகை மாதிரி கட்டி உள்ளே மாதா சிலை வைத்தது. அதைச் சுற்றிய கம்பி முழுக்கப் பூட்டுகள். பிடித்த பீடையை மனதில் நினைத்துப் பூட்டை மாட்டிவிட்டுச் சாவியை ஏரியில் எறிந்துவிட்டால், பீடை அங்கேயே பூட்டிக் கிடக்குமாம். எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களும் வருவார்கள். கெபி என்றால் துளசிராமன் வரமாட்டான். பழைய ஊர், சர்ச், கல்லறை, போட் எல்லாம் பார்க்கலாம் என்று சொல்லித்தான் அருணா கிளப்பினாள். பித்தளைப் பூட்டு அவள் பையில் இருந்தது.

பாதி வழியில் முஜீப் மூக்கை உறிஞ்சினான்.

"அக்கா... வெல்லம் ஏதாச்சும் கொண்டாந்துகினு வறீங்களா?"

துளசிராமன் கண்ணாடியை இறக்கிவிட்டான்.

ஆனால் பகல் நன்றாகத்தான் இருந்தது. பழைய சர்ச்சில் பூசை முடியும்வரை உட்கார்ந்திருந்தார்கள். மெழுகு வாடை, பாட்டு, மேலே சுழலும் மின்விசிறி... துளசிராமன் அவள் தோளில் சாய்ந்து கொஞ்சம் கண்ணயர்ந்தான். அருணாவுக்கு அழுகை வந்தது. நாஷ்டாவுக்குப் பிறகு டச்சுக்காரர்களின் கல்லறைக்குப் போனார்கள். வாசலின் இரு புறமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள்.

"டச்சுக்காரன் காலத்துலேர்ந்து வாச்மேன் டூட்டி சார் இவங்க. லீவே கெடையாது," என்றான் முஜீப்.

துளசிராமன் சிரித்தான். வாசலில் நின்று போட்டோகூட எடுத்துக்கொண்டான். படகில் போனார்கள். நண்டு வறுவல் சாப்பிட்டார்கள். வெயில் சாயும்போதுதான் கெபிக்கு வந்தார்கள்.

உப்புக் காற்றில் எல்லாப் பூட்டும் துருவேறிக் கிடந்தன. அருணா தன்னுடையதை மாட்டிப் பூட்டினாள். கண்ணை மூடி வேண்டினாள். சாவியை எறிந்தாள். தண்ணீர் அதை விழுங்கும் சத்தம் கேட்டது. திரும்பினால்... துளசிராமன் கம்பியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

துருப்பிடித்த பூட்டுகளுக்கு நடுவே ஒரு சிவப்புப் பூட்டு. துளி துரு இல்லை. அதில் ஜெயராஜின் போட்டோ.

ஏஞ்சலின் வந்து மாட்டியிருப்பாள் என்றாள் அருணா.

"எப்டி மாட்டுவா?" அவன் குரல் அவனுடையதாக இல்லை. "அத நான்தான் கட்டர் வெச்சி வெட்டிப் போட்டேனே."

காற்று நின்றிருந்தது. அவள் முகத்தைப் பார்க்காமலே மீதியையும் சொன்னான். லோடு ஏற்ற லாரி காத்திருந்தது. கூப்பிட்டான், உள்ளிருந்து சத்தம் இல்லை. ஜெயராஜ் ஏறி வந்து, பூட்டைத் திறக்க மறந்து சாப்பிடப் போய்விட்டான் என்று நினைத்தான். வெட்டினான். மிக்ஸரை ஓடவிட்டான். பிறகு பூட்டின் துண்டுகளைக் கழிவுக் குழியில் போட்டான்.

"வெட்றதுக்கு முன்ன உள்ள எட்டிப் பாத்தியா நீ?"

கல்யாணமான நாளிலிருந்து அருணா அவனை நீ என்றதில்லை.

"கெளம்பு. நேரா ஏஞ்சலின் ஊட்டுக்குப் போலாம். அவரு பூட்டு போட்டுத்தான் எறங்குனாருன்னு அவங்க மூஞ்சியப் பாத்துச் சொல்லு. அப்பத்தான் இது உன்ன உடும்."

அவன் காரை நோக்கி நடந்தான். கேட்டுக்கொண்டான் என்றுதான் அவள் நினைத்தாள். டிக்கியைத் திறந்து ஜாக்கி ராடை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தான். முஜீப் பின்னாலேயே ஓடி வந்தான். "சார், வேண்டுதல் பூட்டு சார், கை வெக்காதீங்க."

ஒரே அடி. பூட்டு இரண்டாகத் தெறித்தது.

அப்போது ஏரிக்குள்ளிருந்து... ஒரு மோட்டார் மெதுவாகக் கிளம்பும் சத்தம். படகு ஒன்றும் இல்லை. தண்ணீரில் அலைகூட இல்லை. கொஞ்ச நேரம் கனமாகச் சுற்றிவிட்டு அடங்கியது. துளசிராமன் துண்டுகளைப் பொறுக்கி ஏரியில் வீசினான்.

திரும்பும்போது காரில் வாடை இல்லை. அவன் குறட்டை விட்டுத் தூங்கினான். வீட்டிலும் விடியவிடியத் தூங்கினான். காலையில் சவரம் செய்து, இட்லியை வட்டிலோடு வழித்துச் சாப்பிட்டான். "பாத்தியா, ஒண்ணும் இல்ல," என்றான். முதல் ஷிப்டுக்குப் போனான்.

அன்று மிக்ஸர் அடைத்துக்கொண்டது. இன்சார்ஜ் உள்ளே இறங்கும் வழக்கமே இல்லை. யாரையும் கூப்பிடாமல் அவனே இறங்கினான். இறங்கும் முன் பெட்டியை அணைத்துப் பூட்டு மாட்டினான். ஆபரேட்டர் சரவணகுமார் தன் கண்ணால் பார்த்திருக்கிறான். பிணவறை வாசலில் அருணாவிடம் அவன் சொன்னது இதுதான்.

"பூட்டு மாட்டியிருந்துச்சிக்கா. மிஷினும் ஓடிக்கினு இருந்துச்சி."

அதிகாரிகள் வந்து பார்த்தபோது பெட்டியில் பூட்டு இல்லை. செத்தவனின் கவனக்குறைவு என்று எழுதினார்கள். போன முறை எழுதிய அதே சொற்கள். அருணா ஆலை வாசலில் நின்று, போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னாள். அவரு பூட்டு போட்டுத்தான் எறங்குனாரு. யாரும் நிற்கவில்லை.

காரியம் முடிந்தபின் முஜீபைக் கூட்டிக்கொண்டு ஒரு நாள் கெபிக்குப் போனாள். சிவப்புப் பூட்டு அங்கே இல்லை. அது இருந்த இடத்தில் கம்பி பளபளவென்று கிடந்தது. அதன் பக்கத்தில் அவளுடைய பித்தளைப் பூட்டு... வாய் திறந்து தொங்கியது. சாவி அதிலேயே செருகியிருந்தது.

சாவியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.