சித்தம் கேட்டவன்

— உள்ளங்கை அரிக்குது மாப்ள. சொறிஞ்சு விடலாம்னா அங்க உள்ளங்கையே இல்ல. மணிக்கட்டோட முடிஞ்சு போச்சுன்னு கண்ணுக்குத் தெரியுது, நடுவிரல்தான் நம்ப மாட்டேங்குது. ராத்திரி பூரா மடக்கி மடக்கி வலிக்குது.

— மாத்திரை போட்டீங்களா மாமா?

— போட்டேன். அது இருக்கிற உடம்புக்குத்தான் கேக்குது. அந்தத் துணிக்கூடையை நகர்த்திட்டு உக்காரு. உங்க அக்கா ஊரார் சட்டையெல்லாம் வாங்கி இஸ்திரி போட ஆரம்பிச்சுட்டா. எனக்கு ஒரு கை போச்சு, அவளுக்கு ரெண்டு கையும் ஓயல.

— அக்கா வீட்ல இல்லையா?

— தேய்ச்ச துணியைக் குடுக்கப் போயிருக்கா. அவ போறதைப் பாத்துட்டுத்தானே படியேறின?

— ஐயோ, அப்படியெல்லாம் இல்ல மாமா.

— சரி விடு. நாளைக்குக் காலையில விசாரணை. வர்றியா, வரலையா?

— அதுக்குத்தான் பாரத்தோட ஜெபிச்சுக்கிட்டு இருக்கேன்.

— இன்னுமா?

— அவசரப்பட்டு ஏதாவது செஞ்சு, அது ஆண்டவர் சித்தத்துக்கு விரோதமாப் போயிடக் கூடாது பாருங்க.

— இதுல சித்தம் கேக்க என்னடா இருக்கு? தகடு அடிக்கிற பிரஸ் மெஷினுக்கு முன்னாடி ஒரு கம்பிக் கதவு. கதவு திறந்திருந்தா மெஷின் அடிக்காது, அதுக்கு ஒரு சுவிட்ச். கதவைத் திறந்து மூடுறதுல நேரம் போகுதுன்னு மேனேஜர் கத்தினான். ஃபிட்டர் நீ, அந்தச் சுவிட்சை அமுக்கி வெச்சுக் கம்பியால இறுக்கிக் கட்டின. நான் தகட்டை வெச்சேன், கையை எடுக்கிறதுக்குள்ள அடிச்சிருச்சு. நடந்தது இவ்வளவுதான். இதைச் சொல்ல ஒரு வாய் போதும்.

— கம்பெனி வேற மாதிரி எழுதியிருக்கு மாமா.

— தெரியும். நானே கட்டினேனாம், நானே கையை விட்டேனாம். சொந்தக் கையைக் குடுக்கிறதா எனக்கென்ன வேண்டுதலா? நாளைக்கு நீ வாயைத் திறக்கலைன்னா அதுதான் நிக்கும். நஷ்டஈடு கிடையாது, வேலை கிடையாது. இன்னொரு தடவை அறுக்கணும்னு டாக்டர் சொல்றார், அதுக்கும் வழி கிடையாது.

— எனக்குப் புரியாதா மாமா? அதான் ஆண்டவர்கிட்ட ஒரு அடையாளம் கேட்டேன். நான் போய்ப் பேசணும்னா, இந்த வாரம் மேனேஜர் என்னைக் கூப்பிடவே கூடாதுன்னு.

— கூப்பிட்டானா?

— திங்கக்கிழமையே கூப்பிட்டார். புது யூனிட்டுக்கு ஃபோர்மேனாப் போறியான்னு கேட்டார். நானாத் தேடிப் போகல மாமா. வாசல் தானாத் திறந்துச்சு.

— திறந்தது ஆண்டவரா, மேனேஜரா?

— மனுஷங்க மூலமாத்தானே அவர் செய்வார். வேதத்தையும் எடுத்தேன். கண்ணை மூடிக்கிட்டுப் பக்கத்தைப் பிரிச்சு விரல் வெச்சேன். சும்மா இருக்கச் சொல்ற வசனம்தான் வந்துச்சு.

— விரல் வெச்சுப் பாக்குறதெல்லாம் விரல் உள்ளவனுக்கு. நான் இடது கையால வெச்சா, யாருக்கு யார் பொறந்தான்னு வம்சக் கணக்குல போய்தான் நிக்கும்.

— கிண்டல் பண்ணாதீங்க மாமா.

— கிண்டல் இல்லடா. நானும் கேட்டேன். ஆஸ்பத்திரியில மல்லாந்து கிடந்தபடியே கேட்டேன். வசனமும் வரல, வாசலும் திறக்கல. கட்டு மாத்த நர்ஸம்மா வந்தாங்க, அவ்வளவுதான். அப்பத்தான் தோணுச்சு. பொய்ச்சாட்சி சொல்லாதேன்னு எல்லாருக்கும் சேத்து எப்பவோ சொல்லியாச்சு. உனக்குன்னு தனியா வந்து காதுல ஓதணுமாக்கும்?

— நான் பொய் சொல்லப் போறதில்லையே. ஒண்ணும் சொல்லாம இருந்துடலாம்னு...

— ஓகோ. அப்ப முடிவு எப்பவோ ஆயிடுச்சு. ஜெபம் மட்டும்தான் இன்னும் நடக்குது.

— மாமா, கட்டினது நான்தான்னு நானே சொன்னா கேஸ் என் மேல பாயும். எனக்கும் புள்ளகுட்டி இருக்கு.

— முதல்லயே இதைச் சொல்லியிருந்தா உன்னை மதிச்சிருப்பேன். பயமா இருக்குன்னு சொல்லு. பயம் எவனுக்குத்தான் இல்ல? அதைக் கொண்டுபோய் ஏன் அவர் தலையில கட்டுற?

— வெறும் பயம் இல்ல மாமா. நாளைக்கு அங்க போகணும்னு நினைச்சாலே உள்ள சமாதானம் போயிடுது. எனக்கு அவர் அப்படித்தான் காட்டுவார். சமாதானம் இல்லைன்னா அது அவர் காட்டுற வழி இல்ல. ஒரு தடவைகூட அது தப்பினதில்ல.

— ஒரு தடவைகூட?

— ஒரு தடவைகூட இல்ல.

— சரி. நம்ம ஃபேக்டரியில ஒரு வழக்கம் உண்டே. கை வெச்சுச் சரி பண்ணின மெஷின்ல முதல் தகடு யார் அடிக்கணும்?

— ஃபிட்டர்.

— எதுக்கு?

— தன் வேலையைத் தானே முதல்ல நம்பணும்னு.

— அன்னிக்கு நீ அடிக்கல. சுவிட்சைக் கட்டி முடிச்சதும், 'மாமா, நீங்க ஒண்ணு அடிச்சுப் பாருங்க, நான் கை கழுவிட்டு வந்துர்றேன்'னு போன.

— கை பூரா கிரீஸ் மாமா. வேறென்ன?

— நானும் கிரீஸுன்னுதான் நினைச்சேன், போன ஞாயித்துக்கிழமை வரைக்கும்.

— ஞாயித்துக்கிழமை என்ன?

— படுத்த படுக்கையா இருக்கிறவங்களுக்காக நம்ம சபை ஆராதனையைப் போன்ல போடுறாங்க. உனக்குத் தெரியாது போல. உங்க அக்கா அதை என் தலைமாட்டுல வெச்சுட்டு அடுப்படிக்குப் போயிட்டா. பாட்டு முடிஞ்சுது. ஆண்டவர் செஞ்ச நன்மைக்குச் சாட்சி சொல்றவங்க எழுந்திரிங்கன்னாங்க. எழுந்தது நல்லாப் பழகின குரல்.

— மாமா...

— 'மெஷின்கிட்டப் போனேன். கை வைக்காதேன்னு உள்ள ஒரு சத்தம். என் சமாதானம் போச்சு. கீழ்ப்படிஞ்சு விலகினேன். இன்னிக்கு ரெண்டு கையோட உங்க முன்னால நிக்கிறேன்.' உடனே எல்லாரும் கைதட்டினாங்க. போன்ல அது தகடு அடிக்கிற மாதிரியே கேட்டுச்சு.

— அது... நான் ஸ்தோத்திரம் சொன்னேன், அவ்வளவுதான். உங்களைப் பத்தி ஒரு வார்த்தை தப்பாச் சொல்லல மாமா.

— என்னைப் பத்தி ஒரு வார்த்தையுமே சொல்லல. உன் கைக்காக எழுந்து நின்னு சாட்சி சொல்லிட்ட. என் கைக்கு ஒரு சாட்சி பாக்கி இருக்கு மாப்ள.