பாப்லர் பலகை

— தட்டிப் பாருங்க அக்கா, சைபீரியா பைன். கல்லு மாதிரி நிக்கும்.

— விலையும் அப்படித்தான் நிக்குது. நம்ம நாரின் ஊர்ல பாப்லர் மரத்துக்கா பஞ்சம், ஓமுர்பெக்? அதைக் காட்டு.

— கோவிச்சுக்காதீங்க, காட்டுறேன். ஆசாரி யாரு?

— நான்தான்.

— நீங்களா! ரம்பம் பிடிச்சிருக்கீங்களா?

— வருஷாவருஷம் மேய்ச்சல்ல கூடாரத்தையே கட்டி நிறுத்துறவ. ஒரு பெட்டி அடிக்க வராதா?

— அத்தை, அந்த மரத்தூள் பலகை இன்னும் மலிவா இருக்கே?

— கடைக்காரன் நானே சொல்றேன், அது ஈரம் பட்டா ஊதிரும்மா. ஆணியும் பிடிக்காது. புதுக் கைக்குப் பாப்லர்தான் லாயக்கு, சொன்னபடி கேட்கும். ஆனா நல்லா காஞ்சிருக்கணும். பச்சைப் பலகைன்னா அடுப்புச் சூட்டுக்கே முறுக்கிக்கும். மூடி போட்ட பெட்டியாக்கா? கல்யாணச் சீரா? வீட்ல பொண்ணு யாரு?

— நீ காஞ்சதாப் பார்த்து எடுப்பா.

— பின்னாடி கொட்டகையில இருக்கு. இதோ வந்துட்டேன், அக்கா.

— அத்தை... யாருக்குப் பெட்டி?

— உனக்குத்தான், எல்னூரா. உன் அம்மா உயிரோட இருந்தா அவ கொடுத்து அனுப்பியிருப்பா. இல்லையே. அதான் நான்.

— நான் எங்கயும் போகலை. அந்தக் கோச்கோர் ஊர் வாத்தியார் பொண்ணு கேட்டப்பவே முடியாதுன்னு சொல்லிட்டேனே.

— பிடிக்கலைன்னா சொன்னே? பிள்ளை சைராவை விட்டுட்டுப் போகணுமேன்னுதானே சொன்னே?

— உங்க மகன் லாரியோட பள்ளத்துல போயிட்டார். அவர் பொண்ணு இருக்கா, நீங்க இருக்கீங்க. எனக்கு அது போதும்.

— போதாதுடி. உன் பெரிய மாமாவும் மத்தவங்களும் உன்னைக் கொழுந்தன் குபாத்துக்கே கட்டிவைக்கப் பார்க்கிறாங்க. அவனும் என் வயித்துல பொறந்தவன்தான். ஆனா குடிச்சா கை நீட்டுவான். அவன் கையில உன்னைப் பிடிச்சுக் கொடுத்துட்டு எனக்குத் தொண்டையில ரொட்டி இறங்குமா?

— வேணாம்னு சொல்லிட்டு இப்படியே இருந்துடறேன்.

— இருக்க விடுவாங்களா?

— அப்போ என் குழந்தை? நம்ம வம்சத்துப் பிள்ளை, வாசப்படி தாண்டக் கூடாதுன்னு பெரிய மாமா எப்படிக் கத்தினார்!

— வாத்தியாரைப் போய்ப் பார்த்தேன். எதையும் மறைக்கலை. தாயும் பிள்ளையுமா வரட்டும்னார். நல்ல மனுஷன்.

— அவர் சொன்னா ஆச்சா? இவங்க விடணுமே.

— விட்டுட்டாங்க.

— எப்படி அத்தை?

— என்னைத் திட்டணும்னா அப்புறம் திட்டு. நேத்து நீ தண்ணிக்குப் போயிருந்தப்போ எல்லாரும் கூடினாங்க. சைரா என் மகனுக்குப் பொறந்தவளே இல்லைன்னு சொல்லிட்டேன்.

— அய்யோ! அத்தை!

— ரொட்டி மேல கை வச்சுச் சத்தியம் பண்ணினேன். தாயும் மகளும் தொலையட்டும்னு எழுந்து போயிட்டாங்க.

— உங்க ரத்தம் அத்தை அவ... நாளைக்கு அவ உங்களைத் தேடுவாளே, நான் என்ன சொல்லுவேன்?

— எதுவும் சொல்லாதே. சத்தியம் பொய்னு தெரிஞ்சா அவளைப் பிடுங்கிக்குவாங்க. இனி பாட்டின்னு சொல்லிக்கிட்டு அவ வாசலுக்கு நான் வரக் கூடாது.