கவர் கிழிக்காமல் நட்ட செடிகள்

என் பெயர் காவியா, த/பெ ஆண்டி, வயது 18. காவாந்தண்டலம் ஏரிக்கரைத் தெருவில் குடியிருக்கிறேன். கல்லூரியில் வணிகவியல் முதலாமாண்டு. கம்பெனிச் செடிகள் இருநூறைப் பிடுங்கிச் சேதப்படுத்தியதாக என் மேல் வந்த புகார் பற்றி விசாரிக்க, நான் கூறுவதாவது.

எங்கள் ஊரில் தண்ணீர் பாட்டில் கம்பெனி ஒன்று இரண்டு ஆழ்துளைப் போர் போட்டு நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது. இந்தக் கோடையில் எங்கள் தெருக் கைப்பம்பில் காற்று மட்டும் தாராளமாக வருகிறது. மூன்றாவது போர் கூடாது என்று ஊரார் பதினோரு நாளாகக் கம்பெனி கேட் முன்பு உட்கார்ந்திருக்கிறோம்.

திங்கட்கிழமை மும்பையிலிருந்து இயக்குநர் குழு வருவதாகவும், ஊர்ச் சம்மதத்தோடு ஏரிக்கரையில் மரம் வளர்வதைப் பார்த்தால் மூன்றாவது போருக்கு ஒப்புதல் தருவார்கள் என்றும் தெரிந்தது. முந்தின நாள், நர்சரியில் கூலி வேலை செய்யும் என் அம்மா வீரம்மாளை அங்கே செடி நட அனுப்பினார்கள். "கவரக் கிழிக்காத நடு, நாளைக்கே திருப்பி எடுக்கணும்" என்றாராம் மேஸ்திரி. அடுத்து இதே மாதிரி நட்டுக் காட்ட அதே செடிகள் புள்ளலூருக்குப் போக வேண்டுமாம். செடிகளுக்கும் டூர் புரோகிராம்.

அதன் பிறகு திங்கள் காலை பத்து மணிக்கு, செடி நட்ட ஊர்க்காரர் என்று காட்டக் கம்பெனி கொடுத்த பச்சை டி-சர்ட்டை நானும் வாங்கிப் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றேன். பேனரில் 'நிலைத்த வளர்ச்சி' என்று இருந்தது. சாயங்காலம் வரை நிலைத்தால் போதும் என்பது ஏற்பாடு. குழுவில் வந்த ஜெனிஃபர் என்ற இயக்குநர் என்னிடம் தமிழிலேயே, "நீ வச்ச செடி எதும்மா?" என்று கேட்டார். நான் பக்கத்திலிருந்த புங்கன் கன்றை ஒரே இழுப்பில் எடுத்து அவர் கையில் கொடுத்து, "இந்தாங்க மேடம், கவரோட கீது. பார்சல் பண்ற வேல மிச்சம்" என்றேன். அதன் பிறகு மேலும் பதினாறு எடுத்து வரிசையாக வைத்தேன். அதன் பிறகு அந்த மேடமே குனிந்து ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தார். அதிலும் கறுப்புக் கவர். மேனேஜர் பிரேம்நாத்திடம், "ரிப்போர்ட்ல நீங்க எழுதின காடு இதுதானா?" என்றார். அவர், "மேடம், இது டெமோ" என்றார்.

ஆக நான் பிடுங்கியது பதினேழு, இயக்குநர் பிடுங்கியது ஒன்று. அந்தப் பதினெட்டும் இந்த ஸ்டேஷன் வாசலில் உயிரோடு இருக்கின்றன. ஏட்டையாதான் தண்ணீர் ஊற்றுகிறார். மீதியைச் சாயங்காலம் கம்பெனி லாரியே ஏற்றிப் போனது. அதைச் சேதம் என்று யாரும் புகார் கொடுக்கவில்லை.

அதன் பிறகு மேனேஜர் இங்கே வந்து, "இன்னாம்மா, படிக்கிற பொண்ணு. ஒரு வரி எழுதிக் குடு, கேஸ வாபஸ் வாங்கிக்கிறேன்" என்று தாள் நீட்டினார். நன்றாக வேர் பிடித்த செடிகளைப் பிடுங்கியதற்கு மன்னிப்புக் கேட்பதாக அதில் இருந்தது. அந்தத் தாள் மும்பைக்குப் போனால் மூன்றாவது போர் வந்துவிடும். அன்றோடு வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட என் அம்மா பக்கத்திலேயே நின்று, "எழுதிக் குடுத்துட்டு வூட்டுப் பக்கம் வந்துடாத" என்றார். நான் எழுதவில்லை.

இதுவரை எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். முடிவில் 'நடந்ததற்கு வருந்துகிறேன்' என்று நான் சொல்லாத ஒரு வரி இருந்தது. அதை அடிக்கச் சொல்லி, அடித்த இடத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மற்றவை நான் சொன்னபடியே, நடந்தபடியே உள்ளன.

(ஒப்பம்)
ஆ. காவியா