அஞ்சலோ வீட்டு முன்னறை

அலுமாரிக் கண்ணாடியை உடைத்தது நான்தான். நிலாவெளியில் எங்கள் வீட்டிலிருந்து சின்ன லொறியில் பத்திரமாகக் கொண்டுவந்து, அஞ்சலோவின் வாசலில் "இடப்பக்கம், இடப்பக்கம்" என்று கத்திக்கொண்டு நானே வலப்பக்கம் தள்ளினேன்.

அஞ்சலோ என் கூட்டாளி. துறைமுகத்தில் வேலை. அவன் மகள் மெலனிக்கு நான் ஞானத்தகப்பன். என் மகள் ஷெரினுக்கு அவன் வீட்டடிப் பள்ளிக்கூடத்தில் முதலாம் வகுப்பு வேண்டுமென்றால், நாங்கள் அங்கே குடியிருப்பதாகக் காட்டவேண்டும். அஞ்சலோ முன்னறையைத் தந்தான். எங்கள் கலியாணப் படத்துக்கு அவனே ஆணியும் அடித்தான்.

வீடு பார்க்க வந்த ஆசிரியர்களுக்கு என் மனிசி கிறிஸ்டின் தேத்தண்ணி போட்டாள். பிறத்தியார் குசினி; சீனி என்று உப்பைப் போட்டுவிட்டாள். "எங்கட வீட்டில சீனி பாவிக்கிறேல்ல சேர்" என்றேன். அந்த நல்ல மனிதர் முழுவதையும் குடித்தார்.

தற்காலிகப் பட்டியலில் கடைசி இடம், அதே வகுப்புக்கு விண்ணப்பித்திருந்த மெலனிக்கு. காத்திருப்போரில் முதலாவது ஷெரின். ஆட்சேபம் இருந்தால் இரண்டு கிழமைக்குள் எழுதலாம் என்று கீழே போட்டிருந்தது. எழுதச் சொன்னவர்கள் அவர்கள்தான். பெயர் போடாமல் ஒரு பெட்டிசம் எழுதினேன்: அஞ்சலோ குடும்பம் அங்கே இல்லை, வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு வெளியூரில் இருக்கிறது, சந்தேகமென்றால் சுவரில் யாருடைய கலியாணப் படம் என்று போய்ப் பாருங்கள்.

போய்ப் பார்த்தார்கள். அஞ்சலோ வேலையில், மனைவி பிள்ளையோடு சந்தையில். அவன் நம்பித் தந்த திறப்பால் கதவைத் திறந்தவன் நான்.

"உள்ளறைச் சாமான்கள் ஆருடையவை?"

"முந்தி இருந்தவை விட்டுட்டுப் போனது, சேர்."

மெலனியின் பெயரை வெட்டினார்கள். ஷெரினின் பெயர் ஏறியது. அஞ்சலோவின் மேன்முறையீடு எடுபடவில்லை.

நான் கல்நெஞ்சன் இல்லை. இரண்டு பஸ் மாறிப் பள்ளிக்குப் போகிற பிள்ளை என்று, மெலனிக்கு யானைப் படம் போட்ட நல்ல புத்தகப்பை வாங்கிக் கொடுத்தேன். அஞ்சலோவைக் காணும்போதெல்லாம், "எந்தப் பாவி மச்சான் எழுதியிருப்பான்?" என்று விசாரித்தேன். ஞானத்தகப்பனுக்கு அந்த அக்கறை வேண்டாமா? அவன் மழையைப் பற்றிக் கதைப்பான், மீன் விலையைப் பற்றிக் கதைப்பான்.

போன ஞாயிறு பூசை முடிந்து வரும்போதும் கேட்டேன். அஞ்சலோ நின்றான்.

"நீதான். மேன்முறையீட்டுக்குப் போன அண்டைக்கே கடிதத்தைக் காட்டினவை. உன்ர கையெழுத்து எனக்குத் தெரியாதே? பிள்ளைக்குத்தான் இன்னும் சொல்லேல்ல. நீ குடுத்த பையைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டுதான் படுக்கிறாள்."